யூரிக் அமிலம்: குற்றவாளியா, சாட்சியா?

பிழைப்பை நாடித் தொலைதூரம் வந்துவிட்ட நம் குடும்பங்கள் சிலவற்றின் வேர் சித்தூரிலும் திருப்பதியிலும் இருக்கிறது. 1953-ல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டம் அதனோடு சென்றது. 1960-ல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்தை வந்தடைந்தது. எல்லை மாறினும் அவ்வீடுகளில் தமிழ் மாறவில்லை. இன்று அங்கே முதியோர் தனித்திருக்க, அவர்தம் உடல்நலச் செய்தி மட்டும் கைபேசி வழியே நம்மை எட்டுகிறது.

தந்தைக்குப் பக்கவாதம் என்ற செய்தியை அடுத்து, இரத்தப் பரிசோதனைத் தாளும் வருகிறது. யூரிக் அமிலம் 8 என்று அதில் கண்டதும் மகன் பதறுகிறான். “இதுவே காரணம்; பருப்பை நிறுத்துங்கள்; மாத்திரை வாங்குங்கள்” என்கிறான். அன்பினால் எழும் இந்த அவசரம் தகுமா என்று ஆராய்வோம்.

யூரிக் அமிலம் அயலிலிருந்து புகுந்த நஞ்சன்று. உயிரணுக்களிலும் உணவிலும் உள்ள பியூரின் என்னும் பொருள் சிதையும்போது உண்டாகும் கழிவே அது. அதில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கைச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் ஆண்களுக்கு 7 மில்லிகிராமும் பெண்களுக்கு 6 மில்லிகிராமும் பொதுவாக மேல் எல்லை. இது மிகுந்தால் கீல்வாதமும் சிறுநீரகக் கல்லும் தோன்றக்கூடும்.

பக்கவாதங்களில் பெரும்பான்மையானவை மூளைக்குச் செல்லும் குழாய் அடைபட்டு இரத்தம் தடைப்படுவதால் வருவன. அத்தகையோர் பலரிடம் யூரிக் அமிலம் மிகுந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆயினும் இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, உடற்பருமன், சிறுநீரகத் தளர்ச்சி ஆகியன இருப்போரிடமும் இவ்வமிலம் மிகுகிறது. பக்கவாதத்தை அழைத்து வருவனவும் இவையே. ஆகவே அமிலம் குற்றவாளியா, குற்றம் நடந்த இடத்தில் நின்ற சாட்சியா என்பதே வினா.

விந்தை ஒன்று கூறுவோம். ஸ்பெயின் நாட்டில், பக்கவாதம் கண்ட 411 பேரிடம் யூரிக் அமிலத்தையே மருந்தாகச் செலுத்திச் சோதித்தனர். 2014-ல் வெளியான முடிவு தெளிவான பயனைக் காட்டவில்லை. மறுபுறம், அமிலத்தைக் குறைக்கும் அலோபியூரினால் மாத்திரையை இதயக் குழாய் நோயுற்ற முதியோர் 5,700-க்கு மேற்பட்டோரிடம் பிரிட்டனில் ஆராய்ந்தனர். மாரடைப்போ பக்கவாதமோ அதனால் குறையவில்லை என்று 2022-ல் அறிந்தனர். எண்ணைக் குறைப்பது வேறு. நோயைத் தடுப்பது வேறு.

மற்றொன்றும் நினைவில் இருத்துவோம். பக்கவாதத்திற்குப் பின் கொடுக்கும் சிற்றளவு ஆஸ்பிரினும், கொதிப்பைத் தணிக்கச் சிறுநீரைப் பெருக்கும் சில மாத்திரைகளும் யூரிக் அமிலத்தைச் சற்று உயர்த்தக்கூடியவை. அவ்வெண்ணைக் கண்டு அஞ்சி அவற்றை நிறுத்தினால், சாட்சியைத் துரத்தக் காவலனை அனுப்பியவர் ஆவோம். அலோபியூரினாலும் சிலருக்குத் தோலைக் கொடுமையாகத் தாக்கும்; மருத்துவர் சொல்லாமல் அதைத் தொடங்கலாகாது.

உணவிலும் பருப்பின்மேல் பழி வேண்டா. மது, இனிப்புப் பானங்கள், ஆட்டு ஈரல் போன்ற உள்ளுறுப்புக்கள் ஆகியவையே குறைக்கத் தக்கன. சித்தூர்ச் சீமை வெல்லத்திற்கும் மாம்பழத்திற்கும் பெயர் பெற்றது. சர்க்கரையில் உள்ள பிரக்டோஸ் அமிலத்தைக் கூட்டுமாதலின், வெல்லத்திலும் மாம்பழக் கூழிலும் அளவு பேணுதல் நன்று.

உண்மையில் நாம் அஞ்ச வேண்டியது கடிகாரத்தையே. முகம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றில் ஒன்று திடீரெனத் தோன்றினும், 108-ஐ அழைத்து உடனே மருத்துவமனை சேர்க்க வேண்டும். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் போடுதல் வேண்டும். திருப்பதியில் 1960-களில் எழுந்த ரூயா அரசு மருத்துவமனையும், 1993-ல் தொடங்கிய வேங்கடேசுவரா மருத்துவ அறிவியல் கழகமும் உள்ளன. சித்தூருக்கு அண்மையில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி இருக்கிறது. டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-ல் மூளை, நரம்பு அறுவை மருத்துவத்தைத் தொடங்கிய இடம் அது.

ஆகவே அடுத்த முறை ஊரோடு பேசும்போது, “யூரிக் அமிலம் எவ்வளவு?” என்று மட்டும் கேட்டு விடாதிருப்போம். “இரத்த அழுத்தம் பார்த்தீர்களா? மாத்திரை தவறவில்லையே? அவசரத்திற்கு ஓடிவர அண்டை வீட்டில் யார் இருக்கிறார்கள்?” என்று கேட்போம். தொலைவில் இருந்தும் பெற்றோரைக் காக்கும் கேள்விகள் அவையே.