கரும்பு போகிற ரோட்டில் கத்தரிக்காய் வருவதில்லை

அரவைக் காலத்தில் பெரம்பலூர் மாவட்டத்து எறையூர் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிவந்த டிராக்டர்கள் வரிசைகட்டி நிற்கும், ரோடெல்லாம் சோகை சிதறிக் கிடக்கும். கரும்புக்கு அப்பால் மக்காச்சோளம், அதற்கும் அப்பால் பருத்தி. கண்ணுக்கு எட்டிய வரை பச்சைதான். இப்படிப்பட்ட வட்டாரத்தில் ஒரு வேலைநாள் சாயங்காலம், ஒரு கட்டுக் கீரையும் கால் கிலோ அவரைக்காயும் வாங்கலாம் என்று கிளம்பிப் பாருங்கள். உருளைக்கிழங்கு கிடைக்கும், பெரிய வெங்காயம் கிடைக்கும், அமுங்கிப்போன தக்காளி கிடைக்கும். மிச்சத்துக்கு பெரம்பலூருக்குத்தான் பஸ் ஏற வேண்டும்.

நல்ல உணவு கைக்கெட்டாத இடங்களை வெளிநாட்டில் 'உணவுப் பாலைவனம்' என்கிறார்கள். அமெரிக்க வேளாண்மைத் துறையின் கணக்குப்படி, நகரமானால் ஒரு மைல், கிராமமானால் பத்து மைல் தூரத்துக்குள் பெரிய மளிகைக்கடை இல்லாத ஏழைப் பகுதிகள் இதில் சேரும். அது வீட்டுக்கு வீடு கார் நிற்கிற நாட்டின் அளவுகோல். நமக்கு மைல் கணக்கு உதவாது. இங்கே தூரத்தை பஸ் நேரத்தை வைத்துத்தான் அளக்க வேண்டும். 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, பெரிய உதவிதான். ஆனால் திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் பறக்கிற விரைவுப் பேருந்தில் அந்தச் சலுகையும் இல்லை, அது ஊருக்கு ஊர் நிற்பதும் இல்லை.

மூட்டை கட்டி வெளியே போகும் விளைச்சல்

தமிழ்நாட்டில் மக்காச்சோளத்துக்கும் சின்ன வெங்காயத்துக்கும் பேர்போன மாவட்டம் பெரம்பலூர். மக்காச்சோளத்தில் பெரும்பகுதி கோழித் தீவனமாகப் போகிறது. பருத்தி மில்லுக்கு, கரும்பு ஆலைக்கு. பக்கத்து அரியலூரில் முந்திரி விளைகிறது, அதுவும் ஏற்றுமதிக்கோ நகரத்து ஸ்வீட் கடைக்கோதான். விவசாயியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மானாவாரிக் கொல்லையில் எது காசாகுமோ அதைத்தானே போட முடியும்?

முன்பு சோளமும் கம்பும் வரகும் விதைத்த காலத்தில், நடுநடுவே தட்டைப்பயறும் துவரையும் இருந்தன. வரப்போரம் நாலு அவரைக்கொடி படர்ந்திருக்கும். அதெல்லாம் யாரும் கணக்கில் எழுதிய விளைச்சல் இல்லை, நேரே குழம்புச் சட்டிக்குப் போனது. ஒற்றைப் பயிர் வந்ததும் முதலில் காணாமல் போனது அதுதான்.

கீரைக்கும் அதே கதி. களையெடுக்கப் போன பெண்கள் மடி நிறைய பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் கிள்ளிக்கொண்டு வருவார்கள். இன்றைக்குக் களையெடுக்க ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கூலி கட்டாது. அதனால் களைக்கொல்லி அடிக்கிறார்கள். பயிருக்கு அது களை, அடுப்படிக்கு அது கறி. மருந்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது. மருந்தடித்த கொல்லையில் தப்பிப் பிழைத்த கீரை இருந்தால் அதைப் பறித்துச் சமைக்கவும் கூடாது.

வாடாததுதான் கடையில் இருக்கும்

கிராமத்துக் கடைக்காரரிடம் "கீரை வைக்கக் கூடாதாண்ணே?" என்று கேட்டுப் பாருங்கள். "காலையில வெச்சா மத்தியானம் வாடிடுதும்மா, யார் வாங்குவா?" என்பார். அவர் சொல்வது நியாயம். வாசலில் சரம்சரமாகத் தொங்கும் ஐந்து ரூபாய் பாக்கெட்டுகளை ஏஜென்சி வண்டியே கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போகும். தேதி முடிந்ததை மாற்றிக் கொடுக்கிற ஏஜென்சிகளும் உண்டு. கத்தரிக்காய் சுருங்கினால் நஷ்டம் முழுக்கக் கடைக்காரர் தலையில். குளிர்சாதனப் பெட்டி வைத்திருந்தாலும் அதில் கூல்டிரிங்ஸ்தான் இருக்கும். இந்தக் கணக்கை மாற்றாமல், கிராமத்துக் குழந்தைகள் நொறுக்குத் தீனிக்கு அடிமையாகிவிட்டார்கள் என்று புலம்புவதில் எனக்கு உடன்பாடில்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை கையில் ஐந்து ரூபாய் இருக்கிறது. அந்தக் காசுக்குக் கடையில் கொய்யாப்பழம் இல்லை, பாக்கெட் இருக்கிறது.

எல்லா ஊருக்கும் காய் வண்டி வராமல் இல்லை. மைக் கட்டிய குட்டியானையோ, கூடை கட்டிய டிவிஎஸ் ஃபிப்டியோ வரும். பெரும்பாலும் அது வருவது பகலில். நடவுக்கும் நூறு நாள் வேலைக்கும் கம்பெனி ஷிப்டுக்கும் போன பெண்கள் அந்த நேரத்தில் வீட்டில் இருப்பதில்லை. 2022 நவம்பரில் எறையூரில் சிப்காட் தொழிற்பூங்கா தொடங்கப்பட்டது, காலணித் தொழிற்சாலையும் வந்தது. வேலை வந்தது நல்லது. கூடவே, சம்பளம் கைக்கு வந்தும் சந்தைக்குப் போக நேரமில்லாத குடும்பங்களும் வந்தன.

ரேஷன் கடை எவ்வளவு தூரம் தாங்கும்?

பசியை இந்த மாநிலம் பெருமளவு ஒழித்ததில் ரேஷன் கடைக்குப் பெரும் பங்கு உண்டு. 2011 ஜூனிலிருந்து அரிசி இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில், முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருட்கள் வீட்டு வாசலுக்கே வருகின்றன.

ஆனால் இந்தக் கணக்கைப் பாருங்கள். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஒருவருக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கறி, 100 கிராம் பழம், 85 கிராம் பருப்பு வேண்டும். முட்டை, கறி சாப்பிடுகிறவர்களுக்குப் பருப்பு சற்றுக் குறையலாம். நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் பத்து கிலோ பருப்பு ஆகிறது. ரேஷனில் கிடைப்பது ஒரு கிலோ. காய்கறி ஒரு நாளைக்கு 1.6 கிலோ. கிலோ 40 ரூபாய் என்று வைத்தாலும் 64 ரூபாய். நூறு நாள் வேலைக்கு 2025-26-ல் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட தினக்கூலி 336 ரூபாய். அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு காய்க்கு மட்டும் போகும், பஸ் செலவும் பழமும் சேர்க்காமலே.

ஆகவே தட்டில் சோறு குவிகிறது, தொட்டுக்கொள்ள ஊறுகாயும் அப்பளமும். வயிறு நிறைகிறது, ரத்தம் ஊறுவதில்லை. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதே கணக்கெடுப்பில் 40.4 சதவீதப் பெண்களுக்கு உடல் எடை அளவுக்கு மேல். இரண்டும் ஒரே வீட்டில், சில நேரம் ஒரே உடம்பிலும் இருக்கின்றன. பிரஷர், சுகர் மாத்திரை 2021 ஆகஸ்டிலிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் வீடு தேடி வருகிறது. காய்தான் வரவில்லை.

அரிசியில் மிதக்கும் மணி

ரேஷன் அரிசி களையும்போது சில மணிகள் வேறு நிறத்தில் தெரியலாம், மிதக்கவும் செய்யலாம். பிளாஸ்டிக் அரிசி என்று நினைத்துப் பொறுக்கி எறிகிறவர்கள் உண்டு. அது செறிவூட்டப்பட்ட அரிசி. இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 ஆகியவற்றை அரிசிமாவில் கலந்து மணியாக வார்த்து, 100 கிலோவுக்கு ஒரு கிலோ வீதம் சேர்த்தது. பொறுக்கி எறிந்தால் போவது சத்துதான். திரும்பத் திரும்பக் கசக்கிக் கழுவ வேண்டாம், வடித்த கஞ்சியையும் கொட்ட வேண்டாம். தலசீமியா போன்ற ரத்தக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

இருப்பதை வைத்து

முருங்கை தண்ணீர் கேட்காத மரம். குளியலறைத் தண்ணீர் போகிற இடத்தில் ஒரு போத்து நட்டால் போதும். அதன் கீரை 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. கீரையில் உள்ள இரும்பு உடம்பில் ஒட்டுவதற்கு வைட்டமின் சி துணை வேண்டும். கீரையை இறக்கியபின் அரை மூடி எலுமிச்சை பிழியலாம், சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காயோ ஒரு துண்டு கொய்யாவோ கடிக்கலாம். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிற பழக்கம்தான் இதைக் கெடுப்பது. ஒரு மணி நேரமாவது தள்ளிப் போடுங்கள்.

பருப்பு விலை கட்டாத மாதத்தில் தட்டைப்பயறும் கொள்ளும் கைகொடுக்கும். முளைகட்டினால் இன்னும் நல்லது. பிள்ளைகளுக்கு மாலையில் ஒரு கைப்பிடி வேர்க்கடலை. ரேஷன் பாமாயிலையே எல்லாவற்றுக்கும் ஊற்றாமல் கடலெண்ணெயையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். பாமாயிலில் நிறைகொழுப்பு கடலெண்ணெயைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் கீரை, பயறு அளவை மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

பள்ளிக்கூடத்தை மறக்கக் கூடாது. காலை உணவில் காய்கறி சாம்பார், மதியம் முட்டை. பல பிள்ளைகளுக்கு அன்றைய நாளின் நல்ல சாப்பாடு அதுதான். சனி, ஞாயிறு, கோடை விடுமுறையில் அந்த இடத்தை வீடுதான் நிரப்ப வேண்டும். 2025 ஜூலையில் தொடங்கிய ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கத்தில் காய்கறி விதை, பழச்செடி, பயறு விதைத் தொகுப்புகள் கொடுக்கிறார்கள். தோட்டக்கலை, வேளாண்மை அலுவலகங்களில் விசாரியுங்கள். ஆடிப்பட்டத்துக்கு முன்னாலேயே கேட்டு வைப்பது நல்லது.

எந்த நேரத்துக்கு வண்டி?

இடமே இல்லாத ஓட்டு வீட்டுக்காரரிடம் தோட்டம் போடச் சொல்வதில் அர்த்தமில்லை. அவர்களுக்கு வண்டிதான் வர வேண்டும். இது நடக்காத காரியமும் இல்லை. 2021 மே மாத முழு ஊரடங்கில், தோட்டக்கலைத் துறை ஏற்பாட்டில் காய்கறி வண்டிகள் தமிழ்நாடு முழுக்கத் தெருத்தெருவாக வந்தன. கடைகள் திறந்ததும் அந்த ஏற்பாடு முடிந்தது.

பெரம்பலூரில் உழவர் சந்தை இருக்கிறது. அங்கே காலையில் விற்று மிஞ்சுவதில் ஒரு பகுதியை, மகளிர் சுயஉதவிக் குழு ஒன்று எடுத்து, வாரத்தில் இரண்டு நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஊருக்குள் விற்கலாம். ரேஷன் போடுகிற நாளில் கடை வாசலிலேயே தட்டு வைக்கலாம். அன்றைக்குக் கையில் பையும் காசும் கொண்டு எல்லோரும் அங்கே வந்துதான் தீருவார்கள். வாடி மிஞ்சும் காயின் நஷ்டத்தை முதல் ஆறு மாதத்துக்கு யார் ஏற்பது என்பதை மட்டும் முன்கூட்டியே பேசி முடிக்க வேண்டும். அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் மனுவாக எழுதிக் கொடுக்கலாம். வண்டி எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பதையும் அதிலேயே குறிப்பிட்டுவிடுங்கள்.