ஓடுமான்னு கேக்காத, நிக்குமான்னு கேளு: வித்துராவில் ஒரு பழைய டிராக்டர்

[காட்சி: கையில் ஒரு தேங்காய்ச் சிரட்டை. பின்னால் மழை கொட்டுகிறது.]

இந்தச் சிரட்டையைப் பாருங்க. சென்னைப் பக்கம் கொட்டாங்குச்சின்னு சொல்லுவாங்க. இது ஒண்ணு இல்லாம போனதால ஒரு எஞ்சின் பல வருஷம் செத்துக் கிடந்துச்சு.

நான் இருக்கிறது வித்துரா. திருவனந்தபுரம் மாவட்டம், நெடுமங்காட்டுல இருந்து பொன்முடி போற ரோட்டுல வர்ற ஊர். சுத்தி ரப்பர், மேடு, பள்ளம். இங்க ஒருத்தன் டிராக்டர் வாங்கினான்னா ஊரே சிரிக்கும். உழ வயல் எங்க இருக்கு? கேரளாவுல சின்னச் சின்ன வயலுக்குப் பவர் டில்லர்தான் பேரு. அத்தாணியில கேம்கோ கம்பெனியை 1973-ல தொடங்கினதே அதுக்காகத்தான். ஆனா நான் உழறதுக்காக வாங்கல. கழட்டி, புரிஞ்சுக்கிட்டு, திரும்ப மாட்டி, ஞாயித்துக்கிழமை ஓட்டுறதுக்காக வாங்கினேன்.

[காட்சி: ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் ஷெட். பக்கத்தில் சாய்ப்பில் சிவப்பு வெளுத்த டிராக்டர்.]

ஒரு தோட்டத்துல, ஷீட்டுக்குப் புகை போடுற ஷெட் ஓரமா நின்னுச்சு. மூணு சிலிண்டர் மாஸி ஃபெர்குசன். சைலன்சர் வானத்தைப் பாத்து நிமிர்ந்து நிக்குது, அதுக்கு மூடி இல்ல. எடவப்பாதி மழையும் துலா மழையும் வருஷா வருஷம் அந்தக் குழாய் வழியா உள்ள இறங்கியிருக்கு. எந்த சிலிண்டர்ல எக்சாஸ்ட் வால்வு திறந்து நின்னுச்சோ, அங்க தண்ணி போய் உக்காந்து பிஸ்டனும் லைனரும் துருவால ஒட்டிப்போச்சு. பட்டறையில இதை எஞ்சின் ஜாம்னு சொல்லுவாங்க. அன்னைக்கு யாராவது ஒரு சிரட்டையைக் கவுத்து வெச்சிருந்தா போதும்.

வண்டியைப் பாக்க நாகர்கோவில்ல இருந்து ஒரு வயசான மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்தேன். நான் அவரை அண்ணாச்சின்னுதான் கூப்பிடுவேன். நாஞ்சில் நாட்டு வயல்ல சேத்து உழவுக்குப் போற வண்டிகளைக் கழட்டியே கை கறுத்துப்போனவர். நான் ஆர்வமா கேட்டேன், "அண்ணாச்சி, இது ஓடுமா?" அவர் எஞ்சின் பக்கமே திரும்பல. பின்சக்கரத்துக்கிட்ட குனிஞ்சு பாத்துட்டுச் சொன்னார்: "ஓடுமான்னு கேக்காத மக்கா, நிக்குமான்னு கேளு. இது மலையாக்கும்."

இந்த வீடியோ முழுக்க அந்த ஒரு வரிதான். பழைய டிராக்டரை உயிர்ப்பிக்கிற வரிசை எங்க தொடங்கணும், ஏன் அங்க தொடங்கணும்.

அதுக்கு முன்னாடி, எந்த வண்டி வாங்கலாம்? நம்ம நாட்டுல பழைய டிராக்டர்னா சில பேருதான் திரும்பத் திரும்ப வரும். 1959 ஏப்ரல் 24-ந் தேதி ஃபரிதாபாத்துல இருந்து வெளிய வந்த ஐஷர், இந்தியாவுல கட்டின முதல் டிராக்டர். காத்துலயே குளிர்ற எஞ்சின், ரேடியேட்டர் கிடையாது. 1971-ல பிஞ்சோர்ல எச்.எம்.டி. செக்கோஸ்லோவாக்கியாவோட செட்டார் 2511-ஐச் செய்ய ஆரம்பிச்சுது. 1974-ல வந்த ஸ்வராஜ் முழுக்க நம்ம ஊர் வடிவமைப்பு. சென்னையில 1960-ல டாஃபே தொடங்கி மாஸி ஃபெர்குசனைச் செஞ்சுது. அழகுக்காக வாங்கினா ஐஷர் பக்கம் மனசு போகும். நான் மாஸி எடுத்ததுக்குக் காரணம் ஸ்பேர். இதோட வழியில வந்த 1035 மாடல் ரொம்ப காலம் ஓடினதால, ஆயில் சீல்ல இருந்து லைனர் வரைக்கும் கடையில கிடைக்கும். முதல் தடவை இறங்குறவங்களுக்கு அது பெரிய நிம்மதி.

[காட்சி: டிராக்டரின் பின்பக்கம், மூன்று இணைப்புக் கைகள்.]

இந்த வண்டியோட பின்பக்கத்தைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. கீழ ரெண்டு கை, மேல ஒரு கை. இதுக்குப் பின்னாடி இருக்கிறது ஹேரி ஃபெர்குசன்ங்கிற அயர்லாந்துக்காரர். அவருக்கு முன்னாடி டிராக்டர்னா மாடு இழுத்த மாதிரிதான், கலப்பையைச் சங்கிலியில கட்டி இழுக்கும். கலப்பை ஒரு வேர்ல மாட்டிச்சுன்னா என்ன ஆகும்? சக்கரம் சுத்த முடியாது, எஞ்சின் விடாது. அப்போ சக்கரத்தைச் சுத்துறதுக்குப் பதிலா வண்டியே அச்சைச் சுத்தி எழும்பும். மூக்கு மேல போகும், ஓட்டுறவன் அடியில. அப்படிக் கவுந்து நிறைய பேர் செத்திருக்காங்க.

ஃபெர்குசன் கலப்பையை இந்த மூணு கையில மாட்டினார். கீழ் ரெண்டும் இழுக்கும்போது, மேல் கை வண்டியை முன்னாடி தள்ளி மூக்கைக் கீழ அழுத்தும். சீட்டுக்கு அடியில ஒரு தடிச்ச ஸ்பிரிங் இருக்கு பாருங்க. மண்ணு இறுக்கமானா மேல் கை அந்த ஸ்பிரிங்கை நசுக்கும். ஹைட்ராலிக் அதை உணர்ந்து கலப்பையைக் கொஞ்சம் தூக்கும், மண்ணு இளகினா திரும்ப இறக்கும். கம்ப்யூட்டர் கிடையாது, ஒரு ஸ்பிரிங்கும் ஒரு வால்வும்தான். இன்னைக்கு ஷோரூம்ல நிக்கிற டிராக்டர்லயும் இதே மூணு கைதான்.

இந்த முறையில அவர் 1946-ல இருந்து இங்கிலாந்துல கவென்ட்ரியில கொண்டு வந்த சாம்பல் நிற டிஇ20, பத்து வருஷத்துல அஞ்சு லட்சத்துக்கு மேல வித்துச்சு. அதுல கியர் கம்பியைத் தள்ளினாத்தான் எஞ்சின் ஸ்டார்ட்டே ஆகும், அதனால கியர்ல கிடக்கும்போது வண்டி பாயவே முடியாது. எவரெஸ்ட் ஏறின எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரி 4-ல தென் துருவத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் இந்த ஃபெர்குசன் டிராக்டர்லதான், பனிக்காகச் சக்கரத்துல பட்டை மாட்டிக்கிட்டு. என் ஷெட்டுல நிக்கிறது அந்தக் குடும்பத்துப் பிள்ளை.

சரி, ஸ்பேனரைக் கையில எடுப்போம். முதல்ல பிரேக்.

[காட்சி: கழற்றிய பிரேக் டிரம். ஷூவின் லைனிங் எண்ணெயில் பளபளக்கிறது.]

பின் டிரம்மைக் கழட்டினதும் நான் பாத்தது இதுதான். லைனிங் கறுப்பா, தோசைக்கல்லு மாதிரி மினுங்குது. பின் அச்சோட ஆயில் சீல் தேஞ்சு, உள்ள இருக்கிற எண்ணெய் டிரம்முக்குள்ள கசிஞ்சிருக்கு. பெட்ரோல் ஊத்தித் துடைச்சா சரியாகுமேன்னு நெனச்சேன். ஆகாது. லைனிங் எண்ணெயைக் குடிச்சிருக்கும். மேல துடைப்போம், ஓட்டும்போது சூட்டுல உள்ள இருந்து திரும்பக் கசியும். சீலை மாத்திட்டு, ஷூவுக்குப் புது லைனிங் அடிக்கிறது ஒண்ணுதான் வழி. இன்னொரு விஷயம், பழைய லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். காத்தடிச்சு ஊதாதீங்க, ஈரத் துணியால துடைங்க, மூக்கைக் கட்டிக்குங்க.

டிராக்டருக்கு பிரேக் பெடல் ரெண்டு. வயல்ல திரும்பும்போது ஒரு பக்கத்தை மட்டும் மிதிச்சா வண்டி அதே இடத்துல வட்டமடிக்கும். ரோட்டுல ரெண்டையும் இந்தக் கொக்கியால சேர்த்துப் பூட்டணும். பூட்டாம, வேகத்துல ஒண்ணை மட்டும் மிதிச்சா வண்டி பக்கவாட்டுல சுழண்டு கவுந்துடும். பூட்டினாலும் ரெண்டும் ஒரே அளவுல பிடிக்கணும். சமதரையில மண்ணு ரோட்டுல மெல்லப் போய் அழுத்துங்க, இறங்கித் தடத்தைப் பாருங்க. ரெண்டு டயர்க் கோடும் ஒரே நீளத்துல இருக்கணும். எனக்கு மூணு தடவை அட்ஜஸ்ட் பண்ணின பிறகுதான் வந்துச்சு.

அடுத்து ஸ்டியரிங் ஆட்டம், டை ராடு, முன் அச்சு நடுவுல இருக்கிற பின். அதுக்கப்புறம் டயர். பட்டன் நல்லா இருக்கேன்னு ஏமாறாதீங்க. பக்கவாட்டுல வெடிப்பு விட்டிருந்தா மாத்தித்தான் ஆகணும்.

இதெல்லாம் முடிஞ்ச பிறகுதான் அண்ணாச்சி எஞ்சினைத் தொட விட்டார்.

[காட்சி: நாசில்கள் கழற்றிய எஞ்சின். கேனிலிருந்து எண்ணெய் சொட்டுகிறது.]

ஜாம் ஆன எஞ்சினை இழுத்து ஸ்டார்ட் பண்ணலாம்னு நாலு பேர் சொல்லுவாங்க. கேக்காதீங்க, கனெக்டிங் ராடு வளையும். மூணு நாசிலையும் கழட்டி, அந்த ஓட்டை வழியா டீசலும் எண்ணெயும் கலந்து ஊத்தி ஊற வெச்சோம். ஒரு வாரம். தினமும் டாப் கியர்ல போட்டு, பின்சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டுவோம். ஆறாம் நாள் சாயங்காலம், கிராங்க் புல்லியில நான் சாக்பீஸால போட்டிருந்த கோடு ஒரு நூல் நகர்ந்துச்சு. ஒரு நூல்தான். அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

சுத்த ஆரம்பிச்சதும் நாசிலை மாட்டிடாதீங்க. ஊத்தின எண்ணெய் பிஸ்டன் மேல நிக்கும். திரவம் சுருங்காது, மாட்டிட்டுச் சுத்தினா ஏதாவது ஒண்ணு உடையும். முதல்ல சுத்தி வெளிய துப்ப விடணும். அப்புறம் ஹெட்டைத் திறந்தோம். மூணாவது லைனர்ல மழை நின்ன மட்டத்துக்கு ஒரு துரு வளையம், கிணத்துல தண்ணி நின்ன அடையாளம் மாதிரி. லைனர், பிஸ்டன், ரிங் எல்லாம் புதுசு. லேத்துல ஹெட்டை ஃபேஸ் பண்ணி, வால்வை உரசி மாட்டினோம். வாங்கின விலையை ரிப்பேர் செலவு தாண்டினது இங்கதான்.

டீசல் எஞ்சினுக்கு பிளக் கிடையாது. காத்தை நசுக்குற சூட்டுலயே டீசல் பத்திக்கும். அதனால பைப்புல காத்து புகுந்தா வண்டி ஸ்டார்ட் ஆகாது. ஏர் எடுக்கிற வரிசை இது. கை பம்பை அடிச்சுக்கிட்டே ஃபில்டர் மேல இருக்கிற ஸ்குருவைத் தளர்த்துங்க. நுரை நின்னு சுத்தமா டீசல் வந்ததும் முடுக்குங்க. அடுத்து டீசல் பம்ப்புல இருக்கிற ஸ்குரு. கடைசியா நாசில் பைப்போட நட்டைத் தளர்த்தி செல்ஃப் அடிங்க. டேங்க்ல இருந்து எஞ்சினை நோக்கி, இதே வரிசை. நாசில் பீச்சுற இடத்துல விரலை மட்டும் வெச்சுடாதீங்க. டிராக்டர் பின் டயர்ல இருக்கிற அழுத்தத்தைப் போல நூறு மடங்குக்கு மேல. டீசல் தோலைத் துளைச்சுட்டு உள்ள போயிடும், நேரா ஆஸ்பத்திரிதான்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னாடியும் அண்ணாச்சி அதே கேள்வியைத்தான் கேட்டார்: "நிக்குமா?" பழைய மாஸியில சாவியைத் திருப்பினா எஞ்சின் நிக்காது. ஸ்டாப் கம்பியை இழுத்து டீசலை அடைக்கணும். பல வருஷம் கிடந்த பம்ப்புல உள் வால்வு சிக்கியிருந்தா, வண்டி அடங்காம ரேஸ் ஆகும். அதுக்காக ஏர் கிளீனர் ஓஸைக் கழட்டி, காத்து வாயை அடைக்க ஒரு பலகையோட ஒருத்தரை நிக்க வெச்சோம். உள்ளங்கையால அடைக்கக் கூடாது. பலகை தேவைப்படல. வெள்ளைப் புகை, அப்புறம் கறுப்புப் புகை, அப்புறம் டக் டக் டக்னு சீரான சத்தம்.

பேப்பர் விஷயம் சுருக்கமா. 2021-ல மத்திய அரசு 50 வருஷம் தாண்டின வண்டிக்கு விண்டேஜ் பதிவு கொண்டு வந்துச்சு. அது டூவீலருக்கும் சொந்த காருக்கும்தான், டிராக்டருக்குக் கிடையாது. நம்ம வண்டிக்குச் சாதாரண ஆர்.சி.தான். 15 வருஷத்துக்கு அப்புறம் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். வாங்கும்போதே சேஸி நம்பர், எஞ்சின் நம்பர் ரெண்டையும் ஆர்.சி.யோட ஒப்பிட்டுப் பாருங்க. பேப்பர் இல்லாத வண்டி ஷெட்டை விட்டு வெளிய வராது.

[காட்சி: ரப்பர் தோட்டத்துச் சரிவு. டிராக்டர் மெதுவாக இறங்குகிறது.]

இனி ஓட்டுறது. இறக்கத்துல நியூட்ரல் போடாதீங்க, கிளட்சையும் மிதிச்சே வெச்சிருக்காதீங்க. ஏறின கியர்லயே இறங்குங்க. சரிவுக்குக் குறுக்க ஓட்டாதீங்க, நேரா ஏறி நேரா இறங்கணும். வெட்டின ரப்பர் மரத்தோட தூரை இழுக்கணும்னா, சங்கிலியைக் கீழ டிரா பார்ல மட்டும் மாட்டுங்க. அச்சுக்கு மேல கட்டினீங்கன்னா, ஃபெர்குசன் தடுக்க நெனச்ச அதே விபத்தை நீங்களே கூப்பிடுறீங்க. வண்டி பின்னால கவிழ ஒண்ணரை வினாடி போதும். இந்தக் காலத்து வண்டி மாதிரி தலைக்கு மேல பாதுகாப்புக் கம்பி இதுல இல்ல. மட்கார்டுல பிள்ளைகளை உக்கார வெச்சு ஓட்டுறதும் வேண்டாம். அழுதாலும் வேண்டாம்.

போன ஞாயித்துக்கிழமை அண்ணாச்சி வந்தார். எங்க தோட்டத்துலயே செங்குத்தான சரிவைக் காட்டி, "பாதியில நிறுத்து" அப்படின்னார். பெடலை மிதிச்சேன். ரெண்டு சக்கரமும் ஒண்ணா பிடிச்சுது. மிதிச்ச பெடலை அப்படியே பார்க்கிங் கொக்கியில பூட்டி, ஸ்டாப் கம்பியை இழுத்தேன். எஞ்சின் அடங்கினதும் மழைக்கு முந்தின காத்து ரப்பர் இலையில கேட்டுச்சு. வண்டி ஒரு நூல்கூட நகரல. அண்ணாச்சி ஒண்ணும் சொல்லல. பைக்குள்ள இருந்து இந்தச் சிரட்டையை எடுத்து நீட்டினார்.

[காட்சி: சைலன்சர் குழாயின் மேல் சிரட்டை கவிழ்கிறது. முதல் மழைத்துளி.]