ஒரு வருஷத்துக்கு எத்தனை சென்சார்?

செங்கல், சுண்ணாம்பு சுடும் சூளைக்குத்தான் காளவாசல் என்று பேர். சித்திரை வெயிலில் மதுரை காளவாசல் சிக்னலில் நிற்கிறவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டாம். இந்த வெயிலுக்கும் சர்க்கரை நோய்க்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. கையில் ஒட்டிக்கொள்ளும் குளுக்கோஸ் சென்சாரை எப்போது வாங்குவது, எங்கே வைப்பது என்பதுதான் அது.

முதலில் கணக்கு. இங்கே பலரும் பயன்படுத்தும் ஃப்ரீஸ்டைல் லிப்ரே சென்சார் 14 நாள் ஓடும், பிறகு தானாகவே நின்றுவிடும். இழுத்து ஓட்ட வழியில்லை. 26 சென்சார் போட்டால் 364 நாள். வியர்வையில் பிய்ந்து வருவது, கதவு நிலையில் இடித்துக் கழன்று விழுவது எல்லாம் நடக்கும். அதனால் 28 என்று வைத்துக்கொள்வது நல்லது. ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கில் விலை. எனவே அடுத்த கேள்வி: எல்லாருக்கும் 28 வேணுமா?

வேண்டாம். 2019-இல் வெளிவந்த சர்வதேச நிபுணர் பரிந்துரைப்படி, ஒருவருடைய சர்க்கரைப் போக்கைப் புரிந்துகொள்ள 14 நாள் தரவு போதும். அதில் குறைந்தது 70 சதவீத நேரமாவது பதிவாகியிருக்கணும். மாத்திரையில் மட்டும் இருக்கிறவர், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு மூன்று மாதத்துக்கு ஒன்று என்று வருஷத்துக்கு நாலு போட்டாலே உபயோகமான படம் கிடைக்கும்.

டைப் 1 உள்ளவர்கள், தினமும் பல வேளை இன்சுலின் போடுகிறவர்கள் கதை வேறு. அமெரிக்காவில் நடந்து 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், வாரத்துக்கு ஆறு நாளாவது சென்சார் அணிந்தவர்களுக்கே நல்ல பலன் தெரிந்தது. இவர்களுக்கு இடைவெளி விழுந்தால் வெறும் எண்கள் மட்டும் போகவில்லை. எச்சரிக்கை மணி உள்ள வகை என்றால், ராத்திரி தூக்கத்தில் சர்க்கரை இறங்கினால் எழுப்புகிற அந்த மணியும் போய்விடுகிறது. வீட்டில் ஒருவருக்காகப் பணம் ஒதுக்க முடியும் என்றால், அது முதலில் இவர்களுக்குத்தான்.

சரி, மொத்தமாக வாங்கி அடுக்கிவிடலாமா? அங்கேதான் வெயில் குறுக்கே வருகிறது. சென்சாரின் நுனியில் இருப்பது குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் என்ற நொதி. சூடு அதற்கு ஆகாது. வகையைப் பொறுத்து 4 முதல் 25 டிகிரி, அல்லது 2 முதல் 28 டிகிரிக்குள் வைக்கச் சொல்வார்கள், பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும். கோடையில் 40 டிகிரியைத் தொடும் ஊரில் அலமாரி அதற்குத் தோதான இடமில்லை. ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் வைக்கலாம், ஃப்ரீசரில் கூடவே கூடாது. வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டும் கூடாது. காலாவதி தேதியும் உண்டு. ஆறு மாதச் சரக்கு தேவையில்லை.

ஒரு எளிய விதி: ஒன்று கையில், ஒன்று ஃபிரிட்ஜில். ஃபிரிட்ஜில் இருப்பதைப் பிரிக்கிற அன்றைக்கே அடுத்ததுக்குச் சொல்லிவிடணும். கூரியர் ஒரு வாரம் தாமதித்தாலும் இன்னொரு வாரம் மிச்சம். சித்திரைத் திருவிழா, தீபாவளி சமயங்களில் மட்டும் இன்னொன்று கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். 14 நாள் என்பது சரியாக இரண்டு வாரம் என்பதால், ஞாயிற்றுக்கிழமை ஒட்டினால் மாற்றுவதும் ஞாயிற்றுக்கிழமைதான். காலண்டரில் ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு வட்டம் போட்டால் வேலை முடிந்தது.

ஸ்கேன் எடுக்கும் தேதி தெரிந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். எம்ஆர்ஐ, சிடி எடுக்கும்போது, வகையைப் பொறுத்து, சென்சாரைக் கழற்றச் சொல்லலாம். கழற்றியதைத் திரும்ப ஒட்ட முடியாது. பாதியில் நின்றுபோன சென்சாரைக் குப்பையில் போடாதீர்கள். வரிசை எண்ணோடு நிறுவனத்தைக் கூப்பிட்டு மாற்று கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக, பழைய குளுக்கோமீட்டரையும் ஸ்ட்ரிப்பையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சென்சார் அளப்பது தோலுக்கடியில் உள்ள திரவத்தை. ரத்தத்தை விடச் சில நிமிஷம் பின்தங்கித்தான் காட்டும். கை நடுங்குது, வேர்க்குது, ஆனா திரையில் 110 என்று நிற்குது என்றால் விரலில் குத்திப் பார்ப்பதுதான் சரி. சென்சார் தீர்ந்து கூரியர் வராத நாளிலும் கைகொடுப்பது அந்த ஸ்ட்ரிப்தான்.