தனியாள் வேறுபாடும் தோட்டப்புற மாணவரும்: அளவீட்டு உளவியலின் வாதங்கள் குறித்து ஒரு நோக்கு

உளவியல் மனிதரை இரு வழிகளில் ஆராய்கிறது. எல்லா மனிதருக்கும் பொதுவான மனச்செயல்களின் விதிகளைத் தேடுவது ஒரு வழி. ஒரே சூழ்நிலையில் இருவர் ஏன் வெவ்வேறாக இயங்குகின்றனர் என வினவுவது மற்றொன்று. முதல் வழியினருக்கு ஆளுக்காள் காணும் மாறுபாடு சராசரியைக் கலக்கும் ஒரு தொல்லை. இரண்டாம் வழியினருக்கு அம்மாறுபாடே ஆய்வுப்பொருள். 1957ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியல் கழகத்தின் தலைமையுரையில் லீ குரோன்பாக் இவ்விரண்டும் தனித்தனியே வளர்ந்து வருவதைச் சுட்டி, அவை இணைய வேண்டுமென வற்புறுத்தினார்.

மலேசியாவில் ஆசிரியர் பயிற்சி பெற்ற எவருக்கும் 'தனியாள் வேறுபாடு' பழகிய தொடர். எனினும் பயிற்சி நூல்களில் அது பெரும்பாலும் ஒரு பட்டியலாகவே இடம்பெறுகிறது: உடல், அறிவு, மனவெழுச்சி, சமூகப் பின்னணி என்றவாறு. அப்பட்டியலின் பின்னே நூறாண்டுக்கும் மேலாக நடந்துவரும் வாதம் மாணவ ஆசிரியருக்கு எட்டுவதில்லை. பேராவில் ஈப்போவுக்குத் தெற்கே, சிம்பாங் பூலாய் போன்ற பழைய ரப்பர்த் தோட்ட வட்டாரங்களின் தமிழ்ப் பிள்ளைகளை நேரடியாகத் தொடும் வாதம் அது.

அளவீட்டின் தோற்றம்

1869இல் மேதைமை பரம்பரையாக வருவது என நூலெழுதிய ஃபிரான்சிஸ் கால்டன், 1884இல் லண்டன் கண்காட்சியொன்றில் அளவீட்டுக் கூடம் அமைத்து, பார்வைக் கூர்மை, பிடிவலிமை முதலியவற்றை அளந்தார். அவருக்கு அளவீடு தரம் பிரிக்கும் கருவி. பிரான்சின் ஆல்ஃபிரெட் பினேயின் நோக்கம் வேறு. வகுப்பில் பின்தங்கிய பிள்ளைகளை இனங்கண்டு, தனிக் கவனம் அளிப்பதற்காகவே அவர் தியோடர் சிமோனுடன் சேர்ந்து 1905இல் தம் தேர்வை உருவாக்கினார். நுண்ணறிவு மாறாத ஓர் அளவு என்னும் கருத்தை அவர் வெளிப்படையாகவே மறுத்தார். அவருடைய தேர்வு பிற நாடுகளுக்குச் சென்றபோது இம்மறுப்பு மட்டும் உடன் செல்லவில்லை. இந்தியாவில் வி. வி. காமத் அதனைக் கன்னடத்திலும் மராத்தியிலும் தழுவி 1934இல் வெளியிட்டார்.

பல்வேறு தேர்வுகளின் மதிப்பெண்கள் ஒன்றோடொன்று ஒத்து உயர்வதையும் தாழ்வதையும் கண்ட சார்ல்ஸ் ஸ்பியர்மன், 1904இல் அவற்றின் அடியில் ஒரு பொதுக்காரணி உண்டு என்றார். 1938இல் தர்ஸ்டன் ஏழு முதன்மை ஆற்றல்களைக் கூறினார். 1983இல் ஹோவர்ட் கார்ட்னர் பன்முக நுண்ணறிவைக் கூறினார். கார்ட்னரின் கருத்து நம் பள்ளிகளில் மிகுந்த வரவேற்பைப் பெற்றது. ஆயினும் அதற்குரிய அளவீட்டுச் சான்று ஸ்பியர்மனின் பொதுக்காரணிக்குள்ள சான்றைவிட மெலிந்தது என்பதைச் சொல்லாமல் விடுவது முறையன்று.

பால்மரம் கற்பிக்கும் பாடம்

மரபா, சூழலா என்னும் வினாவே இத்துறையின் பெரும் சர்ச்சை. இதனை விளக்க ரப்பர்த் தோட்டத்தைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

விதையிலிருந்து வளர்ந்த பால்மரங்கள் ஒரே நிரையில் நின்றாலும் பால் தருவதில் பெரிதும் வேறுபடும். சில மரங்களில் மங்கு நிரம்பும்; பக்கத்து மரத்தில் அடி மட்டுமே நனையும். 1919இல் ஸ்டாஃபர்ட் விட்பி இவ்வேறுபாடு குறித்து ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். நல்ல மரத்தின் மொட்டை எடுத்து ஒட்டுக்கட்டும் முறை பரவியதற்கும், பின்னர் ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற ஒட்டு வகைகள் தோட்டங்களை நிறைத்ததற்கும் இவ்வேறுபாடே காரணம். ஒட்டு வகை மரங்கள், வேர்ப்பகுதி நீங்கலாக, மரபால் ஒன்றே. அவற்றுக்கிடையே பால் குறைந்தால் மண்ணையும் நோயையும் வெட்டுபவரின் கைத்திறனையும்தான் பார்க்க வேண்டும்.

உயிரியலாளர் ரிச்சர்ட் லெவோன்டின் 1970இல் ஓர் உவமையைக் கூறினார். அவர் சோள விதையைச் சொன்னார்; நாம் பால்மர விதையாகக் கொள்வோம். ஒரே கோணியிலிருந்து இரு கை விதை எடுத்து, ஒன்றை நல்ல தோட்ட மண்ணிலும், மற்றொன்றைக் கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈயச்சுரங்கம் கழித்துப்போட்ட மணல்வெளியிலும் ஊன்றுவோம். ஒவ்வொரு நிலத்தினுள்ளும் மண் சீரானதாகையால், அங்கு மரத்துக்கு மரம் காணும் வேறுபாடு முழுதும் மரபால் வந்தது. இரு நிலங்களுக்கும் இடையிலான சராசரி வேறுபாடோ முழுதும் மண்ணால் வந்தது. ஒரு குழுவினுள் மரபின் பங்கு எவ்வளவு உயர்ந்திருந்தாலும், இரு குழுக்களுக்கிடையிலான வேறுபாட்டைப் பற்றி அது எதுவும் கூறாது.

இவ்வேறுபாட்டை மறந்து பேசியோர் மேல்நாட்டிலும் உளர், நம்மிடையேயும் உளர். 'தோட்டத்துப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது' என்னும் பேச்சு அதன் உள்ளூர் வடிவம். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்த வேண்டுமென விதித்தது. பெரும்பாலும் அமைந்தது ஓர் அறை. அதில் பல வகுப்புகள். பயிற்சியற்ற ஓர் ஆசிரியர். பேராசிரியர் தி. மாரிமுத்து 1993இல் வெளியான கட்டுரையில், தோட்டப் பள்ளியைச் சமூக நிலையை அப்படியே மறுஉற்பத்தி செய்யும் கருவியாக விளக்கினார். உளவியல் மொழியில் கூறின், அவர் மண்ணை ஆராய்ந்தார்.

சூழல் மாறினால் மதிப்பெண்ணும் மாறும் என்பதற்கு வலுவான சான்று ஜேம்ஸ் ஃபிளின் 1987இல் தொகுத்தது. நெதர்லாந்தில் படைச் சேவைக்கு வந்த இளைஞர்களின் நுண்ணறிவு மதிப்பெண் 1952க்கும் 1982க்கும் இடையில் ஏறத்தாழ 20 புள்ளிகள் உயர்ந்தது. ஒரு தலைமுறையில் மரபணு அவ்வளவு மாறாது. 2003இல் எரிக் டர்க்ஹைமர் குழுவினர், அமெரிக்காவின் வறிய குடும்பங்களில் நுண்ணறிவு வேறுபாட்டுக்கு மரபின் பங்கு மிகக் குறைவு, வசதியான குடும்பங்களில் மிகுதி எனக் கண்டனர். மேற்கு ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இம்முடிவு உறுதிப்படவில்லை என்று 2016ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு காட்டியது. சமூகப் பாதுகாப்பு வேறுபடும் நாடுகளில் விடையும் வேறுபடுகிறது போலும்.

எதிர்த்தரப்பிலும் வலிய ஆதாரம் உண்டு. பிரிந்து வளர்ந்த ஒத்த இரட்டையர் ஆய்வுகள் மரபின் பங்கைப் பலமுறை காட்டியுள்ளன. சிரில் பர்ட்டின் இரட்டையர் தரவுகள் மட்டும் நம்பிக்கை இழந்தன. ஆய்வுக்குட்பட்டோர் தொகை கூடியபோதும் ஒட்டுறவு எண் 0.771 என்றே மூன்றாம் தசமம் வரை மாறாதிருந்ததை லியோன் காமின் 1974இல் அம்பலப்படுத்தினார். பர்ட்டை நீக்கினாலும் மரபு நீங்குவதில்லை. நீங்க வேண்டியது அதிலிருந்து இனத்தைப் பற்றி எடுக்கப்படும் தாவல் முடிவு.

தாண்டிச் சென்ற பிள்ளைகள்

1996இல் நம் கல்வியமைச்சு 'பி.டி.எஸ்.' எனப்பட்ட முதலாம் படிநிலை மதிப்பீட்டைக் கொண்டுவந்தது. மூன்றாம் ஆண்டில் இதில் சிறந்து விளங்கியோர் நான்காம் ஆண்டைத் தாண்டி நேரே ஐந்தாம் ஆண்டுக்குச் செல்லலாம். தனியாள் வேறுபாட்டுக்கு மதிப்பளிக்கும் ஏற்பாடு என்ற வகையில் நோக்கம் குறைகூறத் தக்கதன்று. விரைந்து கற்கும் பிள்ளையை ஏன் காத்திருக்க வைக்க வேண்டும்? ஆனால் பயிற்சி நூல்களும் டியூஷன் வகுப்புகளும் பெருகின. இயல்பான ஆற்றலை அளக்க வேண்டிய தேர்வு, பயிற்சியை அளக்கத் தொடங்கியது. 2001இல் அது கைவிடப்பட்டது. உளஅளவையியலார் 'ஏற்புடைமை' என்பது இதனையே: ஒரு கருவி தான் அளப்பதாகக் கூறுவதை உண்மையில் அளக்கிறதா? பட்டணத்தில் டியூஷனுக்குப் பணம் கட்டிய பிள்ளையையும், லயத்தில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்த பிள்ளையையும் ஒரே தாளில் நிறுத்தி வேறுபாடு கண்டால், அவ்வேறுபாடு யாருடையது?

தேர்வின் மொழியும் இவ்வாறே. தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் மாணவர், மலாய்மொழியில் உரிய தேர்ச்சியின்றேல் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாகப் பயில வேண்டும் என்பது நெடுநாள் நடைமுறை. மொழித் தேர்ச்சியை அளந்து எடுத்த இம்முடிவு, ஊரார் வாயில் அறிவுத்திறன் பற்றிய தீர்ப்பாகிவிடுவதுண்டு.

ஆளா, சூழ்நிலையா

ஆளுமை ஆய்விலும் ஒரு பூசல் எழுந்தது. ஒருவரின் பண்புக்கூறு மதிப்பெண்ணுக்கும் குறிப்பிட்ட ஒரு சூழ்நிலையில் அவர் நடத்தைக்கும் உள்ள ஒட்டுறவு 0.3ஐ அரிதாகவே தாண்டுகிறது என வால்டர் மிஷல் 1968இல் வாதிட்டார். பல சூழ்நிலைகளைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் பண்பு தெளிவாகத் தென்படும் என எப்ஸ்டைன் விடையிறுத்தார். இரண்டும் ஏற்கத்தக்கன. வகுப்பில் வாய்திறவாப் பிள்ளை திடலில் தலைவனாக இருப்பதை ஆசிரியர் அனைவரும் கண்டிருப்பர்.

கற்றல் பாணிக் கோட்பாடு குறித்து ஒரு சொல். காட்சிவழி, கேள்விவழி, செயல்வழி கற்போர் எனப் பிள்ளைகளைப் பிரித்து அதற்கேற்பக் கற்பித்தால் பயன் மிகும் என்பதற்குப் போதிய சான்றில்லை என பாஷ்லர் குழுவினர் 2008இல் காட்டினர். இருந்தும் பாடத்திட்டக் குறிப்புகளில் அது இன்னும் தொடர்கிறது. பிள்ளையின் முன்னறிவை அறிந்து கற்பிப்பதற்கோ சான்று மிகுதி.

கோர்டன் ஆல்போர்ட் 1937இலேயே, ஆளை ஆளோடு ஒப்பிடும் ஆய்வுக்கு அப்பால், ஓர் ஆளை அவர் வாழ்வுக்குள்ளேயே வைத்து நோக்கும் ஆய்வும் தேவை என்றார். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டு வகுப்பறை மதிப்பீடு முன்னிடம் பெற்றுள்ள இந்நாளில், ஆசிரியரின் பதிவேட்டில் பிள்ளையின் சென்ற மாத நிலையும் இம்மாத நிலையும் அருகருகே இடம்பெற வழியுண்டு. பக்கத்து மேசைப் பிள்ளையின் எண்ணைத் தேடும் பெற்றோரிடம் அப்பதிவேட்டை எவ்வாறு விளக்குவது என்பதே ஆசிரியர்கள் இன்று கேட்கும் கேள்வி.