சான்றிதழை திருப்பி அடிக்கும் 'சர்வர்'! கடைசி நாளில் மாணவர்கள் தவிப்பு
ஒரே ஒரு வரியை மாற்றாததால் வரும் வினை

சென்னை-

கல்லூரி விண்ணப்பமா, வேலைக்கு மனுவா, எல்லாம் இப்போது கம்ப்யூட்டர் வழியாகத்தான். போட்டோ, மார்க் ஷீட், சாதி சான்றிதழ் என்று அத்தனையையும் பைலாக ஏற்றி அனுப்ப வேண்டும்.

கடைசி தேதி அன்று ராத்திரி நெட் சென்டர்களில் கூட்டம் அலைமோதும். அந்த நேரம் பார்த்து சர்வர் கையை விரிக்கும். "லைன் சரியில்லம்மா, கொஞ்சம் கழிச்சு வாங்க" என்பார் கடைக்காரர். பல சமயம் குற்றவாளி லைன் அல்ல! சர்வரில் யாரோ மாற்றாமல் விட்ட ஒரே ஒரு வரிதான்!

இதுபற்றிய விவரம் வருமாறு:-

வாசலிலேயே மடக்கு

மாணவர் அனுப்பும் பைல் நேராக உள்ளே போய்விடாது. வழியில் இரண்டு, மூன்று 'செக்போஸ்ட்'களை தாண்ட வேண்டும்.

முதல் செக்போஸ்ட் வெப் சர்வர். 'என்ஜின்எக்ஸ்' என்ற சர்வர் பல இடங்களில் ஓடுகிறது. இதில் 'கிளையன்ட் மேக்ஸ் பாடி சைஸ்' என்று ஒரு கட்டளை உண்டு. யாரும் தொடாமல் விட்டால் அதன் அளவு வெறும் 1 எம்.பி.தான். செல்போனில் எடுத்த போட்டோவோ சாதாரணமாக 3, 4 எம்.பி. வரும். வாசலிலேயே மடக்கி '413' என்ற எண்ணை போட்டு விரட்டி விடும். சில சமயம் அந்த எண்கூட தெரியாது. இணைப்பு அறுந்த மாதிரி காட்டும். பழி லைன் மீது விழும்!

'அப்பாச்சி' சர்வரில் முன்பு இந்த கெடுபிடி இல்லை. 2022-ல் வந்த 2.4.54 பதிப்பிலிருந்து 1 ஜி.பி. என்று வரம்பு போட்டு விட்டார்கள்.

பூர்த்தி செய்தும் 'காலி'!

அடுத்த செக்போஸ்ட் 'பி.எச்.பி.' இங்கே ஒரு பைல் 2 எம்.பி.க்கு மேல் போகக் கூடாது. மொத்த மனு 8 எம்.பி.யை தாண்டக் கூடாது. ஒரே தடவையில் 20 பைல்தான். மாற்றாமல் விட்டால் இதுதான் கணக்கு.

இதில் 8 எம்.பி. தாண்டினால் நடப்பதுதான் வேடிக்கை. பைல் மட்டும் அல்ல, பெயர், முகவரி எல்லாமே சேர்ந்து காணாமல் போய்விடும்! "பெயரை பூர்த்தி செய்யவும்" என்று சிவப்பு எழுத்தில் வரும். பையன் நாலு தடவை பெயரை அடிப்பான். நாலு தடவையும் அதே பதில்தான்!

துப்பு எங்கே?

திருடன் தடயம் விடாமல் போக மாட்டான். சர்வரின் 'எர்ரர் லாக்' பைலை திறந்தால் குட்டு வெளிப்பட்டு விடும். "பைல் ரொம்ப பெரிசு" என்று எழுதியிருந்தால் வரம்பை கூட்ட வேண்டும். "பெர்மிஷன் டினைட்" என்றிருந்தால் பைலை தற்காலிகமாக வைக்கும் போல்டரில் எழுத அனுமதி இல்லை. "நோ ஸ்பேஸ்" என்றால் டிஸ்க் நிரம்பி விட்டது. '408', '504' என்று எண் வந்தால் நேரம் போதவில்லை என்று அர்த்தம்.

வரம்பை மாற்றுகிறவர்கள் செய்யும் தப்பும் உண்டு. ஒரு செக்போஸ்டை மட்டும் திறந்து விட்டு அடுத்ததை மறந்து விடுவார்கள். மொத்த மனுவின் அளவு, தனி பைல் அளவை விட கூடுதலாக இருக்க வேண்டும். வெப் சர்வரின் அளவு அதற்கும் குறையக் கூடாது. 'பி.எச்.பி. இனி' பைல் ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு, மூன்று இருக்கும். சர்வர் படிக்காத பைலை திருத்தி விட்டு, "மாத்திட்டேனே, ஏன் சார் ஏறல?" என்று தலையை சொறிவதும் நடக்கிறது. மாற்றிய பிறகு சர்வரை மறுபடி 'ரீலோட்' செய்யாவிட்டால் செய்த வேலை அத்தனையும் வீண்.

அதற்காக வரம்பே வேண்டாம் என்று கதவை அகலத் திறப்பதும் ஆபத்து. எவனாவது ராட்சச பைல்களை கொட்டி டிஸ்க்கை நிரப்பி விடுவான். பிறகு யார் மனுவும் ஏறாது.

தேவையான அளவை வைத்து, அதை விண்ணப்பத்தின் தலையிலேயே போட்டு விட்டால் பாதி தொல்லை தீரும். போட்டோவை முன்கூட்டியே சுருக்கிக் கொண்டு வருவார்கள்.

ஒரு வருஷம் வீணாகுமோ என்று ராத்திரி 11 மணிக்கு கண்ணீர் விடுகிற பிள்ளைகளுக்காக, கடைசி தேதிக்கு முன்பே ஒரு 5 எம்.பி. பைலை ஏற்றிப் பார்க்க எத்தனை நிமிஷம் ஆகும்? சம்பந்தப்பட்டவர்கள் கவனிப்பார்களா?