நடைப்பயிற்சியும் நள்ளிரவு விழிப்பும்

நீரிழிவுக்காக நடக்கத் தொடங்கியோரில் சிலருக்கு முதல் சில வாரங்களில் உறக்கம் கலைவதுண்டு. அதற்காக நடையைக் கைவிட வேண்டியதில்லை. நேரத்தை மாற்றினாலே பெரும்பாலும் போதும் என்கிறோம்.

உறக்கம் வர உடலின் உள்வெப்பம் சற்றுத் தணிய வேண்டும். இரவுணவு நேரத்தில் விரைந்து நடந்தால் வெப்பமும் இதயத்துடிப்பும் உயர்ந்து, தணியத் தாமதமாகும். சுந்தரபாண்டியபுரத்தின் சூரியகாந்தி வயலோரச் சாலைகளில் விடியலில் நடப்பதே நன்று. காலை ஒளி உடற்கடிகாரத்தையும் சீராக்கும். மாலையில்தான் இயலுமெனில், படுக்கைக்கு இரண்டு மணி நேரம் முன்பே முடியுங்கள். நடை முடிந்ததும் தேநீரைத் தவிருங்கள்.

ஆயினும் ஒரு விழிப்பை மட்டும் எளிதாகக் கொள்ளலாகாது. இன்சுலினோ சில சர்க்கரை மாத்திரைகளோ எடுப்பவர் வியர்த்து, நடுங்கி, படபடப்புடன் எழுந்தால் அது சர்க்கரைத் தாழ்வாக இருக்கலாம். மாலை நடையின் விளைவு நள்ளிரவிலும் தோன்றும். கருவியில் 70க்குக் கீழ் காட்டினால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மீண்டும் பாருங்கள். கருவி இல்லையெனில் காத்திராமல் கொடுங்கள். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள்.

மருந்தின் அளவை நீங்களே குறைக்க வேண்டாம். தூக்க மாத்திரையும் வேண்டாம். விழித்த நேரத்தையும் நடந்த நேரத்தையும் ஒரு தாளில் குறித்து வாருங்கள். அதைக் கொண்டே உங்கள் மருந்தையும் நடையையும் பொருத்தித் தருவோம்.