ஸ்பீக்கர் பெட்டிக்கு வட்டத் துளை: பலகை பாழாகாமல் போடுவது எப்படி?

எலெக்ட்ரானிக் சிட்டி என்றதும் இன்று கம்ப்யூட்டர்தான் நினைவுக்கு வரும். ஆனால் பெயரில் இருப்பதோ எலெக்ட்ரானிக்ஸ்! 1976-ல் தொடங்கப்பட்ட கர்நாடக அரசு நிறுவனமான கியோனிக்ஸ், அதன் முதல் தலைவர் ஆர்.கே. பாலிகாவின் முயற்சியால், 1978-ல் கோனப்பன அக்ரகாரம், தொட்டதோகூர் கிராமங்களில் 332 ஏக்கரில் அமைத்த தொழிற்பேட்டை இது.

இங்கு வேலை பார்க்கும் நம்மவர்களில் பாட்டுப் பிரியர்கள் அதிகம். எஸ்.பி. ரோட்டில் ஸ்பீக்கரை வாங்கி வந்து, பெட்டியைத் தாமே செய்துகொள்கிறவர்களும் உண்டு. 2025 ஆகஸ்டில் மஞ்சள் தட மெட்ரோ ஓடத் தொடங்கிய பிறகு, போய் வருவதும் சுலபமாகிவிட்டது.

ஒயர் இணைப்பது பெரிய வேலை அல்ல. வட்டத் துளை போடுவதில்தான் பலரும் பலகையைப் பாழாக்கிவிடுகிறார்கள். கை வாளால் அறுத்தால் ஓரம் கோணலாகும். இடுக்கு வழியே காற்று கசிந்து, கனத்த ஓசை கெட்டுவிடும்.

ஆணியும் கம்பாசும்

இதற்கு ஏற்றது ரூட்டர் மெஷின். பள்ளியில் கம்பாசால் வட்டம் போட்டோமே, அதே முறைதான். மெஷினின் அடியில் ஒரு நீளப் பட்டையைப் பொருத்தி, பட்டையின் மறுமுனையைப் பலகையின் நடுவில் ஆணியால் நிறுத்திச் சுற்ற வேண்டும்.

கணக்கு தப்பினால்...

ஒரு 8 அங்குல ஸ்பீக்கரின் தாளில் துளையின் குறுக்களவு 184 மி.மீ. என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். பாதி 92. ஆணியின் மையத்திலிருந்து பிட்டின் வெளி விளிம்பு வரை இந்த 92 இருக்க வேண்டும். உள் விளிம்பு வரை அளந்துவிட்டால், 6 மி.மீ. பிட் துளையை 196 மி.மீ. ஆக்கிவிடும். அப்புறம் திருகு பிடிக்க மரம் இருக்காது; பலகைக்குக் கொடுத்த காசும் போச்சு! எனவே முதலில் ஒரு கழிவுத் துண்டில் வெட்டி, ஸ்பீக்கரை வைத்துப் பாருங்கள்.

எது முதலில்?

ஸ்பீக்கரின் விளிம்பு பலகையோடு சமமாகப் பதிய வேண்டுமானால், விளிம்புக்கான பெரிய வட்டத்தை அதன் கனத்துக்கு மட்டும் முதலில் செதுக்குங்கள். துளையை முதலில் போட்டால், நடுத்துண்டோடு ஆணிக்குழியும் போய்விடும். பிறகு எதைச் சுற்றி வட்டம் போடுவது?

18 மி.மீ. பலகையை ஒரே மூச்சில் அறுக்காதீர்கள். சுற்றுக்கு 4, 5 மி.மீ. போதும். கடைசிச் சுற்றில் நடுத்துண்டு நழுவாதிருக்க, அதை அடிப்பலகையோடு முன்பே திருகி வைத்துவிடுங்கள்.

எச்சரிக்கை

பிட் மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். எம்.டி.எப். பலகையின் தூசு நெஞ்சுக்கு ஆகாது. முகமூடியும் கண்ணாடியும் கட்டாயம். மெஷின் போடும் சத்தம் பெரிது. நைட் ஷிப்ட் முடித்து அடுத்த அறையில் தூங்குகிறவரையும் நினைத்துக்கொள்ளுங்கள்!